பேக்கப் மென்பொருளின் பழைய பதிப்பை மீண்டும் நிறுவியதும் வரும் டிரைவர் பிழைகளைச் சரிசெய்வது

புதிய பதிப்பு பிடிக்காமலோ, பழைய காப்புக் கோப்புகளைத் திறப்பதற்காகவோ, வாங்கிய உரிமம் பழைய பதிப்புக்கு மட்டும் செல்லும் என்பதாலோ பலர் பேக்கப் மென்பொருளை ஒரு பதிப்பு பின்னால் கொண்டுபோகிறார்கள். மற்ற மென்பொருள்களில் இது பத்து நிமிட வேலை. பேக்கப் மென்பொருளில் அப்படி இல்லை. அது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள், வட்டுக்கும் கோப்பு முறைமைக்கும் நடுவே, தன் டிரைவர்களை உட்கார வைத்திருக்கும். மேலே தெரியும் நிரல் பழையதாகி, கீழே இருக்கும் டிரைவர் புதியதாகவே நின்றுவிட்டால் பிழைச் செய்தி வரும். டிரைவர் கோப்பு அழிந்து, அதன் பெயர் மட்டும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்பு விவரங்கள் சேமிக்கப்படும் இடம்) தங்கிவிட்டால் கணினியே எழாமல் போகும்.

இந்த வழிகாட்டி விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். கட்டளைகளையும் ரெஜிஸ்ட்ரிப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே அடிக்க வேண்டும்.

கை வைக்கும் முன்

நான்கு விஷயங்கள் தயாராக இல்லாமல் தொடங்க வேண்டாம். முதலாவது, விண்டோஸ் நிறுவும் யுஎஸ்பி. 8 ஜிபி போதும். மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் அதைச் செய்து தரும். இரண்டாவது, வட்டைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இயங்கும் கணினி என்றால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி, தாளிலோ வேறொரு கருவியிலோ. மூன்றாவது, பழைய பதிப்பின் முழு நிறுவல் கோப்பு. இணையத்திலிருந்து மீதியை இறக்கிக்கொள்ளும் சிறிய கோப்பு வேண்டாம். அது பல நேரம் புதிய பதிப்பையே மறுபடி கொண்டுவந்து வைக்கும். நான்காவது, ஒரு சிஸ்டம் ரீஸ்டோர் பாயின்ட்.

முக்கியமான கோப்புகளின் நகல் ஒன்று வெளி வட்டில் இருக்கட்டும். சாதாரணமாக இழுத்துப்போட்ட நகலே போதும். பேக்கப் மென்பொருளே பழுதாகி நிற்கும் நேரத்தில் அதன் கோப்பை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

இன்னொரு கேள்வியையும் இங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்: பழைய பதிப்பை நிறுவத்தான் வேண்டுமா? பழைய காப்புக் கோப்பிலிருந்து எதையாவது மீட்பது மட்டுமே நோக்கம் என்றால், அந்தப் பதிப்பின் மீட்பு யுஎஸ்பியிலிருந்து கணினியை எழுப்பி வேலையை முடித்துக்கொள்ளலாம். உங்கள் விண்டோஸில் ஒரு டிரைவர்கூட ஏறாது, கீழே வரும் எந்தத் தொல்லையும் கிடையாது. ஒரே குறை: விண்டோஸ் 7 காலத்து மீட்பு ஊடகத்துக்கு என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வட்டைப் பார்க்கும் டிரைவர் உள்ளேயே இருக்காது, தனியாகச் சேர்க்க வேண்டும்.

பிழை எங்கிருந்து வருகிறது

மூல காரணம் நான்குதான். எது உங்களுடையது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் காரணம், அன்இன்ஸ்டாலுக்கும் மறு நிறுவலுக்கும் நடுவே ரீஸ்டார்ட் செய்யாமல் விடுவது. இது செய்யும் கேடு பலருக்குத் தெரிவதில்லை, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறோம். இயங்கிக்கொண்டிருக்கும் டிரைவர் கோப்பை விண்டோஸால் உடனே அழிக்க முடியாது. அன்இன்ஸ்டாலர் என்ன செய்யும் என்றால், "அடுத்த முறை எழும்போது இந்தக் கோப்பை அழி" என்று ஒரு குறிப்பை ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைக்கும். செஷன் மேனேஜர் கீயின் (கீ என்பது ரெஜிஸ்ட்ரியில் கோப்புறை போன்றது) கீழே பெண்டிங்ஃபைல்ரீநேம்ஆபரேஷன்ஸ் என்ற பெயரில் அது இருக்கும். நீங்கள் ரீஸ்டார்ட் செய்யாமல் பழைய பதிப்பை நிறுவுகிறீர்கள். பழைய பதிப்பும் அதே இடத்தில், அதே பெயரில் தன் டிரைவரை வைக்கிறது. எல்லாம் முடிந்து ரீஸ்டார்ட் செய்யும்போது, முன்பு எழுதி வைத்த குறிப்பு நிறைவேறுகிறது. இப்போதுதான் நிறுவிய டிரைவர் கோப்பு அழிகிறது. அதன் பெயரோ வடிகட்டிப் பட்டியலில், அதாவது வட்டுக்கு நடுவே நிற்கும் டிரைவர்களின் பெயர்கள் உள்ள ரெஜிஸ்ட்ரிப் பட்டியலில், அப்படியே நிற்கிறது. "நிறுவும்போது ஒரு பிழையும் வரவில்லை, ரீஸ்டார்ட் செய்ததும் நீலத்திரை" என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

அந்தக் குறிப்பை ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் பார்க்கலாம், திருத்தக் கூடாது. அதில் வரிகள் ஜோடி ஜோடியாக இருக்கும்: எந்தக் கோப்பு, எங்கே போக வேண்டும். அழிக்க வேண்டிய கோப்புக்கு இரண்டாவது வரி வெறுமையாக இருக்கும். ரெஜிஸ்ட்ரி எடிட்டர் சேமிக்கும்போது வெற்று வரிகளை நீக்கிவிடும். ஜோடி கலைந்து, தொடர்பில்லாத கோப்புகள் இடம் மாற வாய்ப்பு உண்டு. ஒரு ரீஸ்டார்ட் செய்தாலே குறிப்பு தானாகக் காலியாகிவிடும்.

இரண்டாவது, விண்டோஸ் இன்ஸ்டாலரின் இயல்பு. எம்எஸ்ஐ வகை நிறுவல், ஏற்கெனவே இருக்கும் கோப்பின் பதிப்பு எண் தன்னிடம் உள்ளதைவிட உயர்ந்தது என்றால் அதைத் தொடாது. மேம்படுத்தும்போது இது நல்லது. பின்னோக்கிப் போகும்போது இதுவே எதிரி. புதிய டிரைவர் வட்டில் எஞ்சியிருந்தால் பழைய பதிப்பு அதை அப்படியே விட்டுவிட்டு மீதியை நிறுவி, "வெற்றி" என்று சொல்லிவிடும். பிறகு பழைய நிரல் புதிய டிரைவரிடம் பேசும். இரண்டுக்கும் மொழி ஒத்துவராது.

மூன்றாவது, டிரைவர் ஸ்டோர். ஐஎன்எஃப் கோப்பு (டிரைவரை நிறுவும் விவரங்கள் கொண்டது) வழியாக நிறுவப்பட்ட ஒவ்வொரு டிரைவரின் நகலையும் விண்டோஸ் தனிக் களஞ்சியத்தில் வைத்திருக்கும். ஒரே சாதனத்துக்கு இரண்டு டிரைவர்கள் சம தகுதியோடு பொருந்தினால் தேதியில் புதியதையும், தேதியும் ஒன்று என்றால் பதிப்பில் உயர்ந்ததையும் அது தேர்ந்தெடுக்கும். காப்புக் கோப்பை ஒரு டிரைவ் போலத் திறந்து காட்டும் மெய்நிகர் வட்டு டிரைவர்கள் பெரும்பாலும் இந்த வகை. நீங்கள் எத்தனை முறை பழையதை நிறுவினாலும் புதியதே வந்து உட்காரும்.

நான்காவது, டிரைவரை வெளியிட்டவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம். பழைய டிரைவர் இன்றைய விண்டோஸின் விதிகளுக்கு முன் கையெழுத்திடப்பட்டது. இதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

பிழைக் குறியீட்டைப் படிப்பது

டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் ஷோ ஹிடன் டிவைசஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மஞ்சள் முக்கோணம் உள்ள சாதனத்தை இருமுறை அழுத்தினால் குறியீடு தெரியும்.

கோட் 19: ரெஜிஸ்ட்ரியில் உள்ள அமைப்பு விவரம் சிதைந்திருக்கிறது. வடிகட்டிப் பட்டியலைப் பாருங்கள்.
கோட் 32: டிரைவரின் சேவை முடக்கப்பட்டிருக்கிறது.
கோட் 37: டிரைவர் ஏறியது, ஆனால் தொடங்கும்போதே தோல்வி என்று திரும்பியது. பதிப்புகள் கலந்திருக்கும்போது இது வரும்.
கோட் 38: பழைய நகல் இன்னும் நினைவகத்தில் இருக்கிறது. ரீஸ்டார்ட் போதும்.
கோட் 39: டிரைவர் கோப்பு இல்லை அல்லது சிதைந்திருக்கிறது.
கோட் 48: இந்த விண்டோஸில் தொல்லை தரும் என்று அறியப்பட்டதால் தடுக்கப்பட்டது.
கோட் 52: கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை.

வடிகட்டி டிரைவர்கள் தனிச் சாதனமாக டிவைஸ் மேனேஜரில் தெரியாது. அவற்றுக்கு ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். 7026 என்ற எண், கணினி எழும்போது ஏற வேண்டிய டிரைவர் ஏறவில்லை என்று பெயரோடு சொல்லும். 7000 என்பது ஒரு சேவை தொடங்கவில்லை என்பது; காரணத்தையும் அதுவே சொல்லும். கோப்பைக் காணவில்லை என்றால் அது பிழை 2, முடக்கப்பட்டது என்றால் 1058, கையொப்பம் செல்லாது என்றால் 577, விண்டோஸ் தடுத்தது என்றால் 1275. நிறுவும் நடுவிலேயே 1072 வந்தால், அந்தச் சேவை அழிப்புக்குக் குறிக்கப்பட்டு ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள்.

எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை இங்கே ஓட்டிப் பயனில்லை. அது மைக்ரோசாஃப்டின் சொந்தக் கோப்புகளை மட்டும் சரிபார்க்கும். வெளி நிறுவனத்தின் டிரைவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இன்னும் ஆழமாகப் போக வேண்டுமானால் விண்டோஸ் கோப்புறையில் ஐஎன்எஃப் என்ற உள் கோப்புறையில் செட்அப்ஏபிஐ.டெவ்.லாக் என்ற பதிவைத் திறங்கள். மூன்று ஆச்சரியக்குறிகளோடு தொடங்கும் வரிகள் பிழைகள். ஒரு குறி மட்டும் இருந்தால் எச்சரிக்கை. கடைசியிலிருந்து மேல்நோக்கித் தேடுங்கள்.

சுத்தமாக நீக்கி, சுத்தமாக நிறுவுவது

கணினி இன்னும் எழுகிறது என்றால் இந்த வரிசையில் போங்கள். வரிசையை மாற்ற வேண்டாம்.

1. பேக்கப் மென்பொருளில் திறந்து வைத்திருக்கும் காப்புக் கோப்புகள் அனைத்தையும் மூடுங்கள், அதாவது அன்மவுன்ட். கால அட்டவணைகளை நிறுத்துங்கள். காப்புக் கோப்புகளை மாற்றவிடாமல் காக்கும் வசதி, ரேன்சம்வேர் காப்பு போன்றவற்றை நிரலுக்குள்ளிருந்தே அணையுங்கள். இவை தங்கள் டிரைவரை நீக்கவிடாமல் தடுக்கக்கூடும்.

2. செட்டிங்ஸ் வழியாக மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பழையதும் புதியதும் கலந்து கிடந்தால் இரண்டையும். தயாரிப்பு நிறுவனம் தனியாகத் துப்புரவுக் கருவி தந்திருந்தால் இதற்குப் பின் அதை ஓட்டுங்கள்.

3. ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது ரீஸ்டார்ட் ஆகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் செய்யும்போது கெர்னலும் டிரைவர்களும் அப்படியே வட்டில் உறைய வைக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே திரும்ப எழுப்பப்படும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாக ஏறும்.

4. மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று அடித்தால் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறக்கும். அதில் சாஃப்ட்வேர் என்விரான்மென்ட், சிஸ்டம் டிரைவர்ஸ் பட்டியலில் ஒவ்வொரு டிரைவரின் பெயர், கோப்பு, இயங்குகிறதா, எப்படித் தொடங்குகிறது என்ற விவரங்கள் இருக்கும். ஸ்னாப்மேன், எஃப்எல்டிஎஸ்ஆர்வி, டிடிஆர்பி என்று தொடங்குபவை அக்ரானிஸுடையவை. எம்ஆர்சிபிடி மேக்ரியம் ரிஃப்ளெக்டுடையது. ஏஎம்பிஏகேடிஆர்வி ஏஓஎம்இஐயுடையது. இயுபிகேமான், இயுபேக்கப் ஈஸ்யுஎஸ்ஸுடையவை. பெயர் புரியாத டிரைவர் என்றால் கோப்பின் பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பகுதியைப் பாருங்கள். யார் கையெழுத்திட்டார்கள் என்று அங்கே இருக்கும்.

5. மிச்சம் எதுவும் இல்லை என்றால் பழைய பதிப்பை அட்மினிஸ்ட்ரேட்டராக நிறுவி, மறுபடி ரீஸ்டார்ட் செய்யுங்கள். மிச்சம் இருந்தால் அடுத்த இரண்டு பகுதிகளையும் முடித்துவிட்டு வாருங்கள்.

வடிகட்டிப் பட்டியல்: அதிகக் கவனம் வேண்டிய இடம்

ரெஜிஸ்ட்ரியில் எச்கேஎல்எம், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று இறங்கினால் அடைப்புக்குள் நீண்ட எண்களாகப் பல கீகள் இருக்கும். நமக்கு வேண்டியவை மூன்று. 71ஏ27 என்று தொடங்குவது வால்யூம்களுக்கு, அதாவது சி, டி போன்ற வட்டுப் பகுதிகளுக்கு. 4டி36இ967 என்று தொடங்குவது வட்டுகளுக்கு. 4டி36இ965 என்று தொடங்குவது சிடி, டிவிடி டிரைவ்களுக்கு. கடைசி இரண்டுக்கும் ஓர் இலக்கம்தான் வித்தியாசம். கீயைத் திறந்ததும் வலப்பக்கம் கிளாஸ் என்ற மதிப்பில் டிஸ்க்டிரைவ், சிடிராம், வால்யூம் என்று பெயர் இருக்கும், அதைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

இவற்றுக்குள் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற மதிப்புகள் இருக்கும். வரிக்கு ஒரு டிரைவர் பெயர். விண்டோஸ் 10, 11இல் வழக்கமாக இருப்பவை இவை: வால்யூமின் அப்பரில் வால்ஸ்னாப், லோயரில் எஃப்விஇவால், ஐஓரேட், ஆர்டிஒய்பூஸ்ட். வட்டின் அப்பரில் பார்ட்எம்ஜிஆர், லோயரில் இஎச்ஸ்டார்கிளாஸ். இவற்றில் ஒன்றையும் தொடாதீர்கள். பார்ட்எம்ஜிஆர் போனால் விண்டோஸ் எழாது. எஃப்விஇவால் போனால் பிட்லாக்கர் வால்யூமைத் திறக்க வழியில்லை. இவற்றுக்கு வெளியே நிற்கும் பெயர், நீங்கள் நீக்கிய பேக்கப் மென்பொருளுடையது என்று உறுதியாகத் தெரிந்தால் அந்த ஒரு வரியை மட்டும் எடுங்கள். ஆன்டிவைரஸும் வட்டுக் குறியாக்க மென்பொருளும் இங்கே பெயர் வைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

"அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் இரண்டையும் முழுதாக அழித்துவிடு" என்ற அறிவுரை எங்கும் பரவிக் கிடக்கிறது. அது சிடி டிரைவ் காணாமல் போகும் கோட் 19, கோட் 39 பிழைகளுக்கு, சிடிராம் கீக்கு மட்டும் சொல்லப்பட்டது. அங்கே அழித்தால் பெரிய நட்டம் இல்லை. அதையே வால்யூம் கீயிலும் வட்டு கீயிலும் செய்தவர்களின் கணினி அடுத்த ரீஸ்டார்ட்டில் நின்றுபோகும். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருப்பது பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

செய்யும் முறை: முதலில் அந்த கீயை வலது சொடுக்கி எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். அப்பர்ஃபில்டர்ஸை இருமுறை அழுத்தி, தேவையற்ற பெயர் உள்ள வரியை நீக்கி, நடுவே வெற்று வரி இல்லாமல் சேமியுங்கள். பிறகு ரீஸ்டார்ட். கணினி நலமாக எழுந்த பின்னரே, சர்வீசஸ் கீயின் கீழ் அந்த டிரைவரின் சேவையை நீக்க வேண்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்டில் 'எஸ்சி டிலீட்' என்று அடித்து, இடைவெளி விட்டு டிரைவர் பெயர். அதன் பின் இன்னொரு ரீஸ்டார்ட். கடைசியாக சிஸ்டம்32, டிரைவர்ஸ் கோப்புறையில் உள்ள எஸ்ஒய்எஸ் கோப்பை அழிக்கலாம்.

பெயர், சேவை, கோப்பு. இந்த வரிசை தலைகீழானால்தான் ஆபத்து. பட்டியலில் பெயர் இருக்கும்வரை விண்டோஸ் அந்த டிரைவரை ஏற்றியே தீர வேண்டும். ஏற்ற முடியாவிட்டால் அந்த வால்யூமையே எழுப்பாது. சேவையின் ஸ்டார்ட் மதிப்பை 4 என்று மாற்றி முடக்கிப் பார்க்கலாம் என்ற யோசனையும் இதே காரணத்தால் தவறு. முடக்கப்பட்ட டிரைவர் பட்டியலில் நின்றால் அதுவும் ஏறாத டிரைவர்தான்.

சில மென்பொருள்கள் கோப்பு முறைமை மட்டத்திலும் ஒரு வடிகட்டியை வைக்கும். எஃப்எல்டிஎம்சி என்ற கட்டளை அப்போது இயங்கும் அத்தகைய வடிகட்டிகளைப் பட்டியலிடும். அவை வேறு வகை. மேலே சொன்ன கிளாஸ் கீகளில் தெரியாது. அவற்றுக்குச் சேவையை நீக்கி ரீஸ்டார்ட் செய்வதே போதும்.

டிரைவர் ஸ்டோரில் தங்கியிருக்கும் புதிய பதிப்பு

பழையதை நிறுவியும் டிவைஸ் மேனேஜரில் டிரைவர் தேதி புதியதாகவே காட்டுகிறது என்றால் காரணம் இதுதான். ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ் பகுதியிலோ சிஸ்டம் டிவைசஸ் பகுதியிலோ பேக்கப் நிறுவனத்தின் பெயரில் உள்ள மெய்நிகர் சாதனத்தைத் தேடி, வலது சொடுக்கி, அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுங்கள். டிரைவரையும் நீக்கச் சொல்லும் சிறு பெட்டி கீழே இருக்கும். அதை டிக் செய்ய மறந்தால் ஸ்டோரில் உள்ள நகல் அப்படியே தங்கிவிடும்.

சாதனமே தெரியவில்லை என்றால் பிஎன்பியுடில் கட்டளை வேண்டும். எழுத்துகள் பி, என், பி, யு, டி, ஐ, எல். அதற்குப் பின் இடைவெளி, சாய்கோடு, 'எனும்-டிரைவர்ஸ்'. பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஓஇஎம்42.ஐஎன்எஃப் போல ஒரு வெளியீட்டுப் பெயரும், அசல் பெயரும், வழங்கியவர் பெயரும், தேதியும் பதிப்பும் இருக்கும். வழங்கியவர் பெயரையும் அசல் பெயரையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஓஇஎம் எண் கணினிக்குக் கணினி மாறும், ஒருவர் சொன்ன எண்ணை இன்னொருவர் பயன்படுத்த முடியாது.

நீக்கும் முன் 'எக்ஸ்போர்ட்-டிரைவர்' என்ற தேர்வால் ஒரு கோப்புறைக்கு நகல் எடுத்து வையுங்கள். பிறகு 'டிலீட்-டிரைவர்', ஓஇஎம் பெயர், கடைசியில் 'அன்இன்ஸ்டால்'. 'ஃபோர்ஸ்' என்ற தேர்வைச் சேர்க்காதீர்கள். பயன்பாட்டில் இருக்கிறது என்று கட்டளை மறுத்தால், ஏதோ ஒரு சாதனம் இன்னும் அதைப் பிடித்திருக்கிறது. அந்தச் சாதனத்தை முதலில் நீக்குவதே வழி.

வட்டு வடிகட்டிகள் பல ஐஎன்எஃப் இல்லாமலே நிறுவப்படுபவை. அவை இந்தப் பட்டியலில் வராது. இங்கே இல்லை என்பதால் கணினியிலேயே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

கோட் 52, பிழை 577: கையொப்பச் சிக்கல்

விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்து, புதிய கெர்னல் டிரைவர்கள் மைக்ரோசாஃப்டின் தளம் வழியாகக் கையெழுத்தாகியிருக்க வேண்டும். நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் எழவிடும் செக்யூர் பூட் இயங்கும், புதிதாக விண்டோஸ் நிறுவிய கணினிகளில் இது கண்டிப்பு. 2015 ஜூலை 29க்கு முன் வழங்கப்பட்ட சான்றிதழால் கையெழுத்திட்ட டிரைவர்களுக்கு விலக்கு உண்டு. அதனால்தான் மிகப் பழைய பதிப்பு ஓடும்போது, நடுக்காலப் பதிப்பு ஒன்று மறுக்கப்படும் விந்தை நேர்கிறது. ஒரே நிறுவல் கோப்பு ஒரு கணினியில் ஏறி, அடுத்ததில் ஏறாமல் போவதற்கும் காரணம் இந்த விதிதான்: பழைய விண்டோஸிலிருந்து மேம்படுத்தப்பட்ட கணினிக்கு விலக்கு, புதிதாக நிறுவியதற்கு இல்லை.

அடுத்த தடை மெமரி இன்டெக்ரிட்டி. விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் என்ற பக்கத்தில் இருக்கும். இது இயங்கும்போது அதன் விதிகளுக்கு ஒத்துவராத டிரைவர் ஏறாது. அணைந்திருந்து, நீங்கள் போட முயன்றால், எந்தெந்த டிரைவர்கள் தடையாக நிற்கின்றன என்று கோப்புப் பெயரோடு அதே பக்கத்தில் பட்டியல் வரும். பழைய பேக்கப் டிரைவர்களைக் கண்டுபிடிக்க இது எளிய வழியும்கூட.

அணைத்துவிட்டுப் பழைய பதிப்பை ஓட்டலாமா? அணைத்தால் ஓடும். ஆனால் ஒரு பேக்கப் நிரலுக்காக முழுக் கணினியின் கெர்னல் காப்பையும் கழற்றி வைப்பது நியாயமான விலை அல்ல என்பது எங்கள் கருத்து. சோதனைக் கையொப்பங்களையும் ஏற்கும் டெஸ்ட் சைனிங் முறையை இயக்குவதும் அப்படியே. எழும்போது ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் 7ஐ அழுத்திக் கையொப்பச் சோதனையை நிறுத்துவது அந்த ஒரு முறைக்கு மட்டும்தான் செல்லும். ஒவ்வொரு முறையும் ஏற வேண்டிய டிரைவருக்கு அது தீர்வாகாது. சிக்கிய கணினிக்குள் ஒருமுறை நுழைந்து வடிகட்டியை நீக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

சரியான வழி: உங்கள் விண்டோஸ் பதிப்பை ஆதரிப்பதாக நிறுவனம் வெளியிட்ட பதிப்புகளில் மிகப் பழையதைத் தேர்ந்தெடுங்கள். அதே பதிப்பு வரிசையின் கடைசித் திருத்தத்தை எடுத்தால், நிரல் நீங்கள் விரும்பிய பழையதாகவும் டிரைவர் கையொப்பம் புதியதாகவும் கிடைக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே இல்லை. ஆர்ம் செயலிக் கணினியில் ஆர்ம்64 டிரைவர் இல்லாத மென்பொருள் எவ்வளவு முயன்றாலும் ஏறாது.

கணினியே எழவில்லை என்றால்

இன்அக்செசிபிள் பூட் டிவைஸ், அதாவது 0x7பி என்ற நீலத்திரை வந்தால், பட்டியலில் பெயர் இருக்கிறது, டிரைவர் இல்லை என்று எடுத்துக்கொண்டு தொடங்கலாம். சேஃப் மோடிலும் இதே வடிகட்டிகள் ஏற வேண்டும் என்பதால் அது பெரும்பாலும் உதவாது. ஸ்டார்ட்அப் ரிப்பேரும் இந்தப் பட்டியலைத் திருத்துவதில்லை.

நிறுவல் யுஎஸ்பியிலிருந்து எழுப்பி, முதல் திரையில் ஷிஃப்டும் எஃப்10உம் சேர்த்து அழுத்துங்கள். கமாண்ட் பிராம்ப்ட் வரும். பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியால் வால்யூமைத் திறக்க வேண்டும். டிஸ்க்பார்ட் கட்டளைக்குள் 'லிஸ்ட் வால்யூம்' கொடுத்து உங்கள் விண்டோஸ் எந்த எழுத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இங்கே அது சி ஆக இல்லாமல் டி அல்லது இ ஆக இருக்கலாம்.

அந்த டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் கோப்புறையில் சிஸ்டம் என்ற பெயரில், நீட்டிப்பு இல்லாத கோப்பு இருக்கும். வேறு பெயரில் அதன் நகல் எடுத்து வையுங்கள். பிறகு ரெஜ்எடிட் என்று அடியுங்கள். எச்கேஎல்எம்மைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் லோட் ஹைவ் கொடுத்து அந்தக் கோப்பைத் திறங்கள் (ஹைவ் என்பது ரெஜிஸ்ட்ரியின் ஒரு பகுதியைத் தாங்கும் கோப்பு). பெயர் கேட்டால் பழுது என்பது போல எதையாவது ஆங்கில எழுத்தில் கொடுங்கள். இப்படி ஏற்றாமல் நேரடியாக உள்ளே போனால் நீங்கள் திருத்துவது யுஎஸ்பியில் இருக்கும் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியை. உங்கள் கணினியில் ஒன்றும் மாறாது. "திருத்தியும் பயனில்லை" என்பவர்களில் பலர் தவறும் இடம் இது.

இங்கே கரன்ட்கன்ட்ரோல்செட் தெரியாது. செலக்ட் என்ற கீயில் கரன்ட் மதிப்பு 1 என்றால் கன்ட்ரோல்செட்001க்குள் போங்கள். கன்ட்ரோல், கிளாஸ், பிறகு மேலே சொன்ன மூன்று கீகள். தேவையற்ற பெயரை மட்டும் நீக்கி, நீங்கள் ஏற்றிய ஹைவின் பெயரைத் தேர்ந்தெடுத்து ஃபைல் மெனுவில் அன்லோட் ஹைவ் கொடுத்த பின் ரீஸ்டார்ட்.

டிரைவர் சரி, ஆனாலும் பேக்கப் ஓடவில்லை

0x80042304, 0x80042306, 0x8004230எஃப் போன்ற எண்கள் வந்தால் டிரைவரை விட்டுவிட்டு, பயன்பாட்டில் உள்ள கோப்புகளையும் நகலெடுக்க உதவும் விண்டோஸின் நிழல் நகல் சேவையை (விஎஸ்எஸ்) பாருங்கள். இந்த மூன்றும் அந்த நகலை உருவாக்கித் தரும் பகுதியான நிழல் நகல் வழங்கியோடு (புரொவைடர்) தொடர்புடையவை. கமாண்ட் பிராம்ப்டில் விஎஸ்எஸ்அட்மின் 'லிஸ்ட் புரொவைடர்ஸ்' கொடுத்தால் மைக்ரோசாஃப்டுடையவை தவிர, நீக்கிய புதிய பதிப்பு பதிந்து வைத்த வழங்கி இன்னும் நிற்பது தெரியக்கூடும். சர்வீசஸ், விஎஸ்எஸ், புரொவைடர்ஸ் கீயின் கீழ் அதே அடையாள எண்ணுள்ள கீயை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு நீக்குங்கள். பி5946137 என்று தொடங்குவது மைக்ரோசாஃப்டின் சொந்த வழங்கி. அது இருந்தாக வேண்டும். 'லிஸ்ட் ரைட்டர்ஸ்' கொடுத்து எல்லாம் ஸ்டேபிள், நோ எரர் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நிறுவிய பின் சரிபார்ப்பு

டிரைவர்ஸ் கோப்புறையில் உள்ள எஸ்ஒய்எஸ் கோப்பின் பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் பகுதியில் பதிப்பு எண் பழைய நிரலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து, 7026, 7000 எண்கள் புதிதாக வரவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

முதல் பேக்கப் முழுப் பேக்கப்பாக இருக்கட்டும், புதிய கோப்புறையில். மாறிய பகுதிகளைக் கண்காணிக்கும் டிரைவர், புதிய பதிப்பு எழுதி வைத்த குறிப்புகளை நம்பி அடுத்த கண்ணியைச் சேர்த்தால் சங்கிலி நடுவில் அறுந்த காப்புக் கோப்பு உருவாகலாம்; அது மீட்கும் நாளில்தான் தெரியவரும். புதிய பதிப்பில் எடுத்த காப்புக் கோப்புகளைப் பழையது திறக்காமலும் போகலாம், ஆகவே அந்தப் புதிய பதிப்பின் மீட்பு யுஎஸ்பியையும் அழிக்காமல் வைத்திருங்கள். தானியங்கிப் புதுப்பித்தலை அணையுங்கள். இல்லாவிட்டால் சில நாளில் புதிய டிரைவர் மறுபடி வந்து உட்காரும்.

பிறகு அந்த முழுப் பேக்கப்பை டிரைவாகத் திறந்து, பெரிய கோப்பு ஒன்றை வெளியே எடுத்து மூலத்தோடு ஒப்பிடுங்கள். பழைய பதிப்பிலேயே மீட்பு யுஎஸ்பி ஒன்றைப் புதிதாகச் செய்து, அதிலிருந்து கணினியை எழுப்பி, உள் வட்டும் காப்புக் கோப்பு இருக்கும் வெளி வட்டும் இரண்டுமே அதில் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.